ஏட்டில் உள்ள மணிநேரமும் வீட்டில் இல்லாத ஆளும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. செல்வத்தில் சிறந்த ஒரு நாட்டில், சட்டத்தின் பெயரால் ஏழைகளுக்கும் முதியோருக்கும் அளிக்கப்படும் ஓர் உதவி எவ்வாறு ஏட்டளவில் நின்றுவிடுகிறது என்பதையும், அதனை வீட்டு வாயில் வரை கொண்டு சேர்க்க ஒரு கூட்டுறவு அமைப்பு எவ்வாறு முயன்று வருகிறது என்பதையும் நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அந்நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். அவ்வுதவி, எழுந்து நடமாட இயலாதோருக்கு வீட்டிலேயே பணிவிடை செய்ய ஆள் அளிப்பது.

கடல் கடந்த நாட்டின் செய்தி தறிக்காரருக்கும் ஏர்க்காரருக்கும் எதற்கு என்று சிலர் வினவலாம். முதுமைக்கு நாடும் மொழியும் இல்லை. மேலும், அந்நாட்டில் எழுந்துள்ள சிக்கலின் வேர், நெய்பவனுக்கும் விளைவிப்பவனுக்கும் நன்கு பழகிய ஒன்றேயாகும். உழைப்பவரின் கூலியைப் பிறர் நிர்ணயிப்பதும், அக்கூலி கைக்கு வருமுன் இடையில் தேய்வதுமே அவ்வேர்.

பணிவிடை என்பது யாது?

இங்கே நாம் குறிப்பிடுவது மருத்துவரின் பணியன்று. தாதியின் பணியும் அன்று. காலையில் ஒருவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைத்தல், மலசலம் கழிக்க உதவுதல், குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், உணவு சமைத்து ஊட்டுதல், வேளை தவறாமல் மருந்தை நினைவூட்டுதல், படுத்தே இருப்பவரைப் புரட்டிப் படுக்க வைத்துப் புண் வராமல் காத்தல் ஆகியவையே இதில் அடங்கும். கேட்பதற்கு எளிய வேலைகள். ஆனால் இவற்றைச் செய்ய ஒருவர் வராத நாளில், பக்கவாதத்தால் ஒரு பக்கம் விழுந்த முதியவர் நண்பகல் வரை படுக்கையிலேயே கிடக்க நேரும். அவரைத் தூக்க முயலும் முதிய மனைவி தாமும் இடுப்பொடிந்து விழ நேரும். இறுதியில் அவரை முதியோர் மருத்துவ இல்லத்தில் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போகும். ஆகவே, ஒருவர் தம் வீட்டில் தம் கட்டிலில் வாழ்வதா, அன்றி வேற்றிடத்தில் வாழ்வதா என்பதை, நாள்தோறும் சில மணிநேரம் உதவும் ஒரு ஜோடிக் கைகளே தீர்மானிக்கின்றன.

சட்டம் வந்த வரலாறு

1965-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள், குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். அச்சட்டத்தினின்று இரு திட்டங்கள் பிறந்தன. ஒன்று 65 வயது கடந்தோருக்கான மெடிக்கேர். மற்றொன்று வறியோருக்கான மெடிக்கெய்டு. நெடுங்காலம் தொடரும் அன்றாடப் பணிவிடையை மெடிக்கேர் ஏற்பதில்லை. இதனை அறியாத பலர், தேவை வந்த பின்னரே திகைக்கின்றனர். அவர்கள் நாட வேண்டியது மெடிக்கெய்டையே. அதற்கோ ஒருவர் வறியவராக இருக்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில், தனி ஒருவருக்கு வீடு முதலிய சில நீங்கலாக 2,000 டாலருக்கு மேல் சொத்து இருத்தல் கூடாது என்பது நெடுநாள் விதி. நடுத்தரக் குடும்பத்தார் தம் சேமிப்பையெல்லாம் செலவழித்துத் தீர்த்த பின்னரே இவ்வாயிலில் நுழைய முடியும்.

நுழைந்த பின்னரும் ஒரு முரண் காத்திருந்தது. மெடிக்கெய்டு விதிகளின்படி முதியோர் மருத்துவ இல்லத்தில் வைத்துப் பேணுவது மாநிலங்களின் கட்டாயக் கடமை. வீட்டில் வைத்துப் பேணுவதில் பெரும்பகுதியோ மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. இதனால் நேர்ந்த கொடுமையை ஒரு குழந்தை உலகுக்குக் காட்டினாள். அயோவா மாநிலத்தைச் சேர்ந்த கேட்டி பெக்கெட் என்னும் அச்சிறுமி, கைக்குழந்தையாக இருந்தபோதே மூளைக் காய்ச்சலுக்கு ஆளாகி, மூச்சுக் கருவியின் துணையால் உயிர் வாழ்ந்தாள். மருத்துவமனையில் இருந்தால் அரசாங்கம் செலவை ஏற்கும். அதனினும் குறைந்த செலவில் வீட்டில் வளர்த்தால் ஏற்காது என்பதே அன்றைய விதி. 1981-ஆம் ஆண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் ரொனால்டு ரீகன் இதனைப் பத்திரிகையாளர் கூட்டத்தில் எடுத்துரைத்தார். விதி தளர்ந்தது, சிறுமி வீடு திரும்பினாள். அதே ஆண்டில், வீட்டுப் பணிவிடைக்கு மாநிலங்கள் தனி அனுமதி பெற்று மெடிக்கெய்டு பணத்தைச் செலவிடலாம் என்று சட்டம் இயற்றப்பட்டது.

1999-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த லோயிஸ் கர்ட்டிஸ், எலெய்ன் வில்சன் என்னும் இரு பெண்மணிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரோடு வாழத் தக்கவரைத் தேவையின்றி விடுதிகளில் அடைத்து வைப்பது, உடற்குறை காரணமாகக் காட்டப்படும் பாகுபாடே என்பது அத்தீர்ப்பின் சாரம். 2013-ஆம் ஆண்டளவில், மெடிக்கெய்டின் நெடுங்காலப் பராமரிப்புச் செலவில் பாதிக்கு மேற்பட்டது இல்லங்களை விட்டு வீடுகளுக்கும் ஊர்ப்புறங்களுக்கும் திரும்பிவிட்டது. காகிதத்தில் பார்த்தால் இது பெரும் வெற்றியே.

ஆள் ஏன் வருவதில்லை?

தனி அனுமதித் திட்டங்களில் இத்தனை பேருக்கு மட்டுமே இடம் என்று வரம்பு கட்ட மாநிலங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே வரிசை நீண்டது. நாடு முழுவதும் அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் இவ்வரிசையில் பெயர் எழுதிக் காத்திருக்கின்றனர். எனினும், வரிசையைக் கடந்து அனுமதிக் கடிதத்தைக் கையில் பெற்றவரின் துன்பமே நம் கட்டுரையின் பொருள். வாரத்துக்கு இத்தனை மணிநேரப் பணிவிடை என்று அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டார். அந்நேரத்தை நிரப்ப ஆளைத் தேடினால் ஆள் இல்லை. வந்தவரும் சில வாரங்களில் விலகிவிடுகிறார். அனுமதித்த மணிநேரம் வீணே கழிகிறது.

காரணத்தைக் கணக்கிட்டால் கூலியே முதலில் நிற்கிறது. அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் கணக்குப்படி, 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் இத்தொழிலாளரின் நடுத்தர ஆண்டு வருவாய் 34,900 டாலர். மணிக்கு 17 டாலருக்கும் சற்றுக் குறைவு. நம் பணத்தில் பெருக்கிப் பார்த்தால் பெருந்தொகையாகத் தோன்றலாம். அவ்வூர் வாடகையையும் மருத்துவச் செலவையும் கண்டால் அத்தோற்றம் மறையும். பண்டகசாலையில் பெட்டி அடுக்குவோருக்கும் கடையில் பொருள் எடுத்துக் கொடுப்போருக்கும் அதற்கு இணையான அல்லது மேலான கூலி கிடைக்கும்போது, பிறர் உடலைத் தூக்கித் துடைக்கும் வேலையை ஏற்க எத்தனை பேர் முன்வருவர்?

கூலி உயராமைக்கும் ஒரு காரணம் உண்டு. சந்தையில் ஒரு பொருளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டால் விலை உயரும். விலை உயர்ந்தால் வரத்து பெருகும். ஆனால் இங்கே வாங்குபவர் அரசாங்கம் ஒருவரே. ஒரு மணிநேரத்துக்கு இத்தனை டாலர் என்று மாநிலம் விலை கட்டிவிடுகிறது. அத்தொகையில் முகமை நிறுவனம் தன் நிர்வாகச் செலவையும் இலாபத்தையும் கழித்துக்கொள்கிறது. எஞ்சியதே பணிவிடையாளருக்குக் கூலி. தட்டுப்பாடு எவ்வளவு கடுமையானாலும், மாநிலத்தின் வரவு செலவுத் திட்டம் இசைந்தாலன்றி விலை அசையாது. நம் மாநிலத்தில் 1983-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டத்துக்கு நெய்து கொடுக்கும் சங்கங்களின் அங்கத்தினர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கொள்முதல் விலையை அரசாங்கம் நிர்ணயிக்கும்போது, நெசவுக் கூலியின் உச்சவரம்பும் அங்கேயே நிர்ணயமாகிவிடுகிறது அன்றோ?

கூலிக்கு அடுத்தது வேலையின் நிலையாமை. காலையில் ஒரு வீட்டில் இரண்டு மணி, மாலையில் தொலைவிலுள்ள மற்றொரு வீட்டில் மூன்று மணி என்று நேரம் துண்டு துண்டாகக் கிடைக்கிறது. இடையில் பேருந்தில் கழியும் நேரம் பல இடங்களில் கணக்கில் ஏறுவதில்லை. பணிவிடை பெறுபவர் மருத்துவமனையில் சேர்ந்தாலோ இறந்தாலோ அன்றே வேலை நின்றுவிடுகிறது. துயரமும் வேலையிழப்பும் ஒரே நாளில் வந்து சேரும் தொழில் இது.

மூன்றாவது, மதிப்பின்மை. 1938-ஆம் ஆண்டு அந்நாடு குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை இயற்றியபோது வீட்டு வேலை செய்வோருக்கு அதன் பாதுகாப்பு எட்டவில்லை. பண்ணைத் தொழிலாளரும் அன்று வெளியே நிறுத்தப்பட்டனர். இவ்விரு தொழில்களிலும் கறுப்பின மக்கள் பெருமளவில் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. 1974-ஆம் ஆண்டு வீட்டு வேலையாளர் சட்டத்துக்குள் வந்தபோதும், முதியோருக்குத் ‘துணையிருப்போர்’ என்ற பெயரில் இப்பணிவிடையாளர் விலக்கி வைக்கப்பட்டனர். நியூயார்க்கில் பல ஆண்டுகள் முதியோருக்குப் பணிவிடை செய்த ஈவ்லின் கோக் என்னும் பெண்மணி மிகைநேரக் கூலி கேட்டு வழக்காடினார். 2007-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அவர் 2009-ஆம் ஆண்டு காலமானார். 2013-ஆம் ஆண்டு அரசாங்கம் விதியை மாற்றி, பெரும்பாலான பணிவிடையாளரைக் குறைந்தபட்சக் கூலிக்கும் மிகைநேரக் கூலிக்கும் உரியவராக்கியது; 2015-இல் அது நடைமுறைக்கு வந்தது. 2025-ஆம் ஆண்டு ஜூலையில், பழைய விலக்கையே மீட்க வேண்டும் என்ற முன்மொழிவும் அரசாங்கத்திடமிருந்து வெளிவந்தது.

இத்தொழிலில் ஈடுபட்டோர் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். ஏறத்தாழ மூவரில் ஒருவர் பிற நாடுகளில் பிறந்து குடியேறியவர். பிறருக்கு அரசாங்க உதவியின் பெயரால் பணிவிடை செய்யும் இவர்களில் பலர், தம் வயிற்றுக்கும் வைத்தியத்துக்கும் அதே அரசாங்க உதவியை நாடி நிற்கின்றனர். ‘அன்பினால் செய்யும் தொண்டுக்குக் கூலி பேசலாமா?’ என்று கேட்போர் எங்கும் உளர். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பதே அதற்கு விடை.

கலிபோர்னியாவின் வழி

இக்குறையைத் தீர்க்கக் கலிபோர்னியா மாநிலம் 1970-களில் ஒரு வழியை மேற்கொண்டது. அங்கே பணிவிடை பெறுபவரே எசமானர். ஆளைத் தேர்ந்தெடுப்பதும், வேலை கற்பிப்பதும், நீக்குவதும் அவர் உரிமை. கூலியை மட்டும் அரசாங்கம் அளிக்கும். கடுமையான உடற்குறை உடையோருக்கு மாதம் 283 மணிநேரம் வரை அனுமதி உண்டு. இவ்வுரிமையின் பின்னணியில், இளம்பிள்ளை வாதத்தால் கைகால் இயக்கம் இழந்து, இரும்பு நுரையீரலில் உறங்கிய வண்ணம் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பயின்ற எட் ராபர்ட்ஸ் முதலியோரின் இயக்கம் இருந்தது. 1972-ஆம் ஆண்டு பெர்க்லியில் அவர்கள் அமைத்த தன்வாழ்வு மையம், பணிவிடையாளர் பெயர்ப்பட்டியல் வைத்துத் தேவைப்படுவோருக்கு ஆள் தேடிக் கொடுத்தது.

உரிமை உயர்ந்ததே, எனினும் ஆளைத் தேடும் பாரமும் அவர் தலையிலேயே விழுந்தது. மகனோ மகளோ உடையவர் அவரையே பணிவிடையாளராக அமர்த்திக்கொள்கின்றனர். அம்மாநிலத்தில் அவ்வாறு செய்வதே பெரும்பான்மை வழக்கம். உறவினர் இல்லாத முதியவரோ பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். ஒருவர் தொலைவு என்பார். மற்றொருவர் மணிநேரம் போதாது என்பார். எசமானர் என்ற பட்டம் இருந்தும் கூலியை உயர்த்தும் அதிகாரம் அவரிடம் இல்லை. 1999-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் 74,000 பணிவிடையாளருக்கான தொழிற்சங்கம் வாக்கெடுப்பின் வழியாக அமைந்த பின்னரே கூலிபற்றிப் பேச ஒரு மேசை கிடைத்தது.

பிராங்ஸின் கூட்டுறவு

நாட்டின் மறுகோடியில், நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், 1985-ஆம் ஆண்டு வேறொரு முயற்சி முளைத்தது. வறுமை மிகுந்த அப்பகுதியில் 12 பணிவிடையாளரைக் கொண்டு ‘கோஆப்பரேட்டிவ் ஹோம் கேர் அசோசியேட்ஸ்’ என்னும் அமைப்பு தொடங்கப்பட்டது. பணியாளரே உரிமையாளர் என்பது அதன் அடிப்படை. பங்கு ஒன்றின் விலை 1,000 டாலர். வறியோர் அத்தொகையை எவ்வாறு கட்டுவர்? தொடக்கத்தில் சிறு தொகை செலுத்தினால் போதும். எஞ்சியதைச் சம்பளத்திலிருந்து சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று விதி வகுத்தனர். ஒருவருக்கு ஒரு வாக்கு. நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையோர் பணிவிடையாளரால் தேர்ந்தெடுக்கப்பட்டோர்.

இவ்வமைப்பு செய்தவற்றுள் மூன்றினை நம் அங்கத்தினர் கருத்தில் கொள்ளத்தக்கன எனலாம்.

முதலாவது, பயிற்சி. வேலையற்ற பெண்களைச் சேர்த்து, கட்டணமின்றிப் பல வாரம் பயிற்றுவித்து, தேறியோருக்கு வேலையும் அளித்தனர். புண் வராமல் புரட்டுவது எவ்வாறு, தம் முதுகு நோகாமல் தூக்குவது எவ்வாறு, சினந்து பேசும் நோயாளியிடம் பொறுமையாகப் பழகுவது எவ்வாறு என்பன யாவும் கற்றுத் தெளிய வேண்டிய கலைகளே.

இரண்டாவது, மணிநேர உறுதி. நெடுநாள் பணியாற்றியோருக்கு வாரம் 30 மணிநேரக் கூலிக்கு உறுதியளித்தனர். ஒரு வீட்டில் வேலை நின்றாலும் உழைப்பவரின் அடுப்பு அணைவதில்லை. அவர் வேறு வேலை தேடி ஓடுவதும் இல்லை. நூல் தட்டுப்பாட்டிலும் அங்கத்தினரின் தறி நில்லாமல் பாவும் ஊடையும் அளித்துக் காப்பதன்றோ நல்ல நெசவாளர் சங்கத்தின் இலக்கணம்? அதே நெறி இங்கே வேறு தொழிலில் தோன்றுகிறது.

மூன்றாவது, கூலியின் பங்கு. இடையில் நிற்கும் முதலாளிக்கு இலாபம் தர வேண்டாமையால், அரசாங்கம் தரும் தொகையில் இயன்ற மட்டும் பெரும்பகுதியைக் கூலிக்கும் பயிற்சிக்கும் திருப்பினர். இதன் பயன் வெளிப்படையாயிற்று. இத்தொழிலில் ஆண்டுதோறும் பணியாளர் பெருந்தொகையாக விலகிச் செல்வது வழக்கமாயிருக்க, இவ்வமைப்பில் விலகுவோர் தொகை அதனினும் மிகக் குறைவாக இருந்தது. பன்னிருவராகத் தொடங்கிய அமைப்பு சுமார் 2,000 பேராக வளர்ந்து, அந்நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டுறவு என்னும் பெயரைப் பெற்றது. பழகிய முகம் நாள்தோறும் வருவதே பணிவிடை பெறுபவருக்குப் பாதி மருந்து.

கூட்டுறவின் எல்லை

இவ்வளவு கூறிய பின் ஓர் உண்மையையும் மறைத்தல் தகாது. கூட்டுறவு, கைக்கு வந்ததை நேர்மையாகப் பகிர வல்லது. வராததை உண்டாக்க வல்லதன்று. பிராங்ஸ் அமைப்பு பெறும் விலையையும் நியூயார்க் மாநிலமும் அதன் சார்பில் நிற்கும் காப்புறுதி நிறுவனங்களுமே நிர்ணயிக்கின்றன. விலை குறைவாயின், இடைத்தரகர் இல்லாத சங்கமும் நல்ல கூலி தர இயலாது. இதனை உணர்ந்தே அவ்வமைப்பினர் 1991-ஆம் ஆண்டு தனி நிறுவனம் ஒன்று தோன்றத் துணைநின்று, பயிற்சி முறைகளைப் பரப்பவும் அரசாங்கத்திடம் இத்தொழிலாளர் சார்பில் வாதாடவும் ஏற்பாடு செய்தனர். 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில், மெடிக்கெய்டு அளிக்கும் தொகையில் 80 சதவீதம் பணிவிடையாளரின் ஊதியமாகவே செல்ல வேண்டும் என்று கூட்டரசு விதி வகுத்து, அதனை நிறைவேற்ற ஆறு ஆண்டு தவணை அளித்தது. அதற்கு மாறாக, 2025-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் கையொப்பமான சட்டமோ மெடிக்கெய்டுக்குக் கூட்டரசு தரும் பணத்தைக் குறைக்கிறது. பணம் குறையும்போது, கட்டாயமல்லாத வீட்டுப் பணிவிடையின் மீதே மாநிலங்களின் கத்தரி முதலில் விழுமோ என்ற அச்சம் அங்கே நிலவுகிறது.

நமக்குரிய பாடம்

நம் மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியம் 1962-ஆம் ஆண்டு தொடங்கியது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக மருந்தும், இயன்முறைச் சிகிச்சையும், நோவு தணிக்கும் பராமரிப்பும் வீடு தேடி வருகின்றன. இவை போற்றத்தக்கன. எனினும், வந்து பார்த்துச் செல்லும் உதவி வேறு; நாள்தோறும் காலையில் தூக்கி உட்கார வைக்கும் கை வேறு. அக்கை இன்று நம் வீட்டுப் பெண்களின் கையே.

நெசவாளர் இல்லம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நேற்று வரை திண்ணையில் அமர்ந்து தார் சுற்றிக் கொடுத்த தாய் இன்று படுக்கையில் வீழ்ந்தால், ஒரு ஜோடிக் கைகள் மட்டுமா குறைகின்றன? அவரைப் பேணும் மருமகளின் கைகளும் வேலையிலிருந்து விலகுகின்றன. தறி ஒன்று, அதற்கு உதவிய கைகள் நான்கும் இல்லை. நாற்று நடவுக்குச் செல்ல இயலாத மகளைப் பெற்ற விவசாயி வீட்டிலும் இதே கணக்குதான். எந்தப் பேரேட்டிலும் ஏறாத இந்த நட்டத்தை யார் எழுதி வைக்கிறார்கள்?

ஆகவே, அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்துக்கு அங்கத்தினர் சிலர் இவ்வினாக்களைக் கொண்டு வருதல் நலம். நம் சங்க அங்கத்தினரின் வீடுகளில் படுக்கையில் உள்ளோர் எத்தனை பேர்? அவர்களைப் பேணுவதற்காக வேலையை விட்டவர் எத்தனை பேர்? வேலை வேண்டி நிற்கும் நம் பெண்களில் சிலருக்கு இப்பணிவிடையில் பயிற்சி பெற்றுத் தர இயலுமா? அவ்வாறு பயின்றோரைத் தனித்தனியே கூலிக்கு விடாமல், நிலையான வேலையும் நியாயமான கூலியும் உறுதி செய்யும் ஒரு சங்கமாகச் சேர்க்கக் கூடுமா? முதல் இரண்டுக்கும் விடை காணப் பணம் வேண்டாம். ஒரு குறிப்பேடும் ஒரு பென்சிலும் போதும். எண்ணிக்கை கையில் இருந்தால்தான் அரசாங்கத்திடம் கேட்கும் வாய்க்கும் வலிமை உண்டாகும்.

அமெரிக்க நாட்டார் உரிமையைச் சட்டத்தில் எழுதினர். அவ்வுரிமையைத் தம் கைகளால் நிறைவேற்றும் பெண்ணின் கூலியை அதே கருத்தோடு எழுத மறந்தனர். அதனால் மணிநேரம் ஏட்டில் நிற்கிறது. முதியவர் படுக்கையில் காத்திருக்கிறார். நாம் தொடங்கும்போது கூலிப் பத்தியை முதலில் எழுதுவோம்.